வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரமும் கட்டட விதிகளும்: காஞ்சிபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

வீட்டு மொட்டைமாடியில் சூரியத் தகடுகளை நிறுவுவது மூன்று வகைச் சட்டங்களின் கீழ் வருகிறது. நிலம், கட்டட உயரம், காலியிடம் ஆகியவற்றை வரையறுக்கும் நகரமைப்பு மற்றும் கட்டட விதிகள் முதல் வகை. மின் இணைப்பையும் மீட்டரையும் பற்றிய மின்சார ஒழுங்குமுறைகள் இரண்டாம் வகை. வெளிச்சத்தின் மீது ஒரு வீட்டுக்கு உள்ள உரிமையைப் பற்றிய பழைய சொத்துச் சட்டம் மூன்றாம் வகை. தமிழ்நாட்டில் இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்டவை. கோயில் சூழல், நெசவாளர் தெருக்கள், அவற்றைச் சுற்றிய ஊராட்சிகள் ஆகிய அனைத்தும் அடங்கிய காஞ்சிபுரம் வட்டாரத்தில் இந்த மூன்று சட்டங்களும் ஒரே கூரையின் மேல் சந்திக்கின்றன. அங்கே இவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியும் தெளிவாகத் தெரிகிறது.

வெளிச்சம் பற்றிய முதல் சட்டம்

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இந்தியாவில் வெளிச்சத்தை ஒரு சொத்துரிமையாக வரையறுத்த முக்கியமான சட்டமாகும். ஒருவருடைய நிலத்தின் பயனுக்காக அடுத்தவர் நிலத்தின் மீது அவருக்குள்ள உரிமையே வசதியுரிமை எனப்படுகிறது. பாதை, நீர் வடிகால், காற்று, வெளிச்சம் ஆகியவை இதில் அடங்கும். தொடக்கத்தில் இச்சட்டம் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய மூன்று பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. அதனால் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த காஞ்சிபுரம் தொடக்கத்திலிருந்தே இதன் எல்லைக்குள் இருந்தது.

இச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையோ காற்றையோ இருபது ஆண்டுகள் இடையூறின்றி, அமைதியாக அனுபவித்தவர் அதை உரிமையாகக் கோரலாம். 17-ஆம் பிரிவு இதற்கு ஓர் எல்லை வைத்தது. திறந்த மனைக்கு வரும் வெளிச்சமும் காற்றும் எத்தனை ஆண்டுகள் அனுபவித்தாலும் உரிமை ஆகிவிடாது. கதவு, சன்னல் போன்ற திறப்புகளின் வழியே அறைக்குள் வரும் வெளிச்சத்தையே இச்சட்டம் மனத்தில் கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் வாழ்ந்து தொழில் செய்த 19-ஆம் நூற்றாண்டு வீடுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. மொட்டைமாடியின் மேல் விழும் வெயிலுக்குப் பணமதிப்பு இருக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

நகரமைப்பும் கட்டட விதிகளும்

காஞ்சிபுரம் நகராட்சி 1866-இல் ஏற்பட்டது. 1920-இல் சென்னை மாகாணத்தில் இரண்டு முக்கியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மாவட்ட நகராட்சிகள் சட்டம் கட்டட அனுமதி அதிகாரத்தை நகராட்சிகளுக்கு அளித்தது. நகரமைப்புச் சட்டம் தெரு அகலம், மனைப் பிரிவு, நிலப் பயன்பாடு ஆகியவற்றைத் திட்டமிட வழிசெய்தது. பின்னர் வந்த 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், முழுமைத் திட்டம், விரிவு அபிவிருத்தித் திட்டம் ஆகியவற்றின் வழியாகக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிலத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் முறையை உறுதிப்படுத்தியது. நகராட்சிப் பகுதிகளுக்கு 1972-ஆம் ஆண்டின் கட்டட விதிகளும், ஊராட்சிகளுக்கு 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகளும் நடைமுறையில் இருந்தன.

இதனால் நகரில் இருக்கும் ஒரு வீட்டுக்கும், காஞ்சிபுரம் வட்டாரத்து ஊராட்சிகளில் ஒன்றான முசரவாக்கம் போன்ற இடத்தில் இருக்கும் வீட்டுக்கும் நெடுங்காலம் தனித்தனி விதிப்புத்தகங்கள் இருந்தன. இரண்டிலும் காலியிடம் விடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் காற்றோட்டம், வெளிச்சம், தீயணைப்பு, போக்குவரத்து ஆகியவையே. கூரை என்பது உயரத்தை அளக்கும் எல்லையாக மட்டுமே இவ்விதிகளில் இருந்தது.

தெருவின் அமைப்பும் நிழலும்

காஞ்சிபுரத்தின் பழைய நெசவாளர் தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பக்கச் சுவர்களுக்கு இடையே இடம் இருப்பதில்லை. முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் இருக்கும். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வீடே தொழிற்கூடமாகவும் இருக்கிறது. காலை வேளையில் தெருவில் பாவு நீட்டுவதும் இத்தெருக்களின் வழக்கம். கட்டட விதிகள் இத்தகைய இடங்களைத் தொடர் கட்டடப் பகுதி என்று அழைக்கின்றன. இங்கே பக்கவாட்டில் காலியிடம் விட வேண்டிய கட்டாயம் இல்லை.

சூரிய மின்சாரத்துக்கு இந்த அமைப்பு சாதகமாகவும் பாதகமாகவும் இருக்கிறது. எல்லா வீடுகளும் ஒரே உயரத்தில் இருக்கும்வரை தெரு முழுவதும் ஒரே திறந்த தளம்போல வெயிலைப் பெறும். ஒரு வீடு மட்டும் மேலே ஒரு மாடி எழுப்பினால் அதன் நிழல் ஒட்டியுள்ள வீட்டின் மேல் நேராக விழும். காஞ்சிபுரம் ஏறத்தாழ 12.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21-ஆம் நாள் நண்பகலில் அங்கே சூரியன் தென்திசையில் ஏறத்தாழ 54 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குப் பக்கத்தில் 3 மீட்டர் உயரமுள்ள சுவர் எழுந்தால் அந்த நண்பகலில் வடக்கே சுமார் 2.2 மீட்டர் தூரத்துக்கு நிழல் நீளும். காலையிலும் மாலையிலும் நிழல் இதைவிட நீளும்.

ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகளுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. தகடுகள் பெரும்பாலும் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். எனவே குறுகிய மாடியில் 2 மீட்டர் நிழல் என்பது சிறு இழப்பு அல்ல.

ஊராட்சிகளில் பசுமை வீடுகள்

தமிழ்நாட்டு ஊரகங்களில் சூரிய மின்சாரம் பரவலாக அறிமுகமானது முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தின் வழியாகும். 2011-12-இல் தொடங்கிய இத்திட்டம், ஆண்டுக்கு 60,000 வீடுகள் வீதம் ஐந்தாண்டுகளில் 3 லட்சம் வீடுகளைக் கட்ட இலக்கு வைத்தது. ஒவ்வொரு வீடும் 300 சதுர அடி. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கானது. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என ஐந்து விளக்குகள் பொருத்தப்பட்டன.

சட்ட வரலாற்றில் இத்திட்டத்துக்குத் தனி இடம் உண்டு. சூரியத் தகடு வீட்டு வரைபடத்தின் ஒரு பகுதியாகவே அரசால் வடிவமைக்கப்பட்டது. தனி மனை, ஒற்றைத் தளம், சுற்றிலும் திறந்த வெளி என்பதால் நிழல் பெரிதும் சிக்கலாகவில்லை. ஒட்டுவீடுகள் நிறைந்த நகரத்துக்கு இந்த மாதிரியை அப்படியே கொண்டுபோக முடியாது.

கொள்கையும் மீட்டரும்

2012-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடுமையான மின்வெட்டில் இருந்தது. நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத நிலையில், அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கை வெளியிடப்பட்டது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்பது அதன் இலக்கு. வீட்டுக்கூரையில் ஒரு கிலோவாட் அமைப்போருக்கு மத்திய அரசின் மானியத்துடன் 20,000 ரூபாய் மாநில மானியமும் அறிவிக்கப்பட்டது. உயரழுத்த மின் நுகர்வோர் தம் பயன்பாட்டில் ஒரு பங்கைச் சூரிய மின்சாரமாக வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் கொண்டுவரப்பட்டது. அந்தக் கட்டாயத்தை மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014 சனவரியில் ரத்து செய்தது.

வீடுகளைப் பொறுத்தவரை திருப்புமுனை 2013 நவம்பர் 13 அன்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பித்த ஆணையாகும். கூரையில் உற்பத்தியாகி மின்தொடருக்குச் செல்லும் மின்சாரத்தை, வீடு வாங்கும் மின்சாரத்தில் கழித்துக்கொள்ளும் நிகர அளவீட்டு முறையை அது அனுமதித்தது. கணக்கு முடிக்கும் காலத்தில் மொத்தப் பயன்பாட்டின் 90 விழுக்காடு வரையே கழிக்கப்படும் என்பதும், ஒரு பகிர்மான மின்மாற்றியின் திறனில் 30 விழுக்காடு வரையே சூரிய இணைப்புகளைச் சேர்க்கலாம் என்பதும் அதன் நிபந்தனைகள்.

இந்த 30 விழுக்காடு வரம்பு தெருவளவில் ஒரு மண்டல விதியைப் போலவே செயல்பட்டது. ஒரு தெருவில் யார் சூரிய மின்சாரம் அமைக்கலாம் என்பதை நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்குப் பதிலாக அத்தெருவின் மின்மாற்றி முடிவு செய்தது. முதலில் விண்ணப்பித்தவருக்கு இடம் கிடைத்தது. பின்னால் வந்தவர் காத்திருக்க நேரும்.

2019 பிப்ரவரியில் புதிய சூரிய மின்சக்திக் கொள்கை வெளியானது. 2023-க்குள் 9,000 மெகாவாட் என்ற அதன் இலக்கில் 40 விழுக்காடு நுகர்வோரின் கூரைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு நிகர அளவீட்டுக்குப் பதிலாக, வெளியே அனுப்பும் மின்சாரத்துக்குக் குறைந்த விலை மட்டும் தரும் முறை வந்தது. 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வீடுகளுக்கு நிகர அளவீட்டை மீண்டும் அளித்தன. எட்டாண்டுகளுக்குள் கணக்கிடும் முறை இருமுறை மாறியது, கால் நூற்றாண்டு உழைக்கும் தகட்டை வாங்க நினைத்த குடும்பங்களைத் தயங்க வைத்தது.

இணைக் கட்டட விதிகள், 2019

2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. நகராட்சி, ஊராட்சி, சென்னைப் பெருநகரம் என்று தனித்தனியாக இருந்த விதிப்புத்தகங்கள் இதனால் ஒன்றாயின. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டடத் துணைவிதிகள் பசுமைக் கட்டடங்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, கூரைச் சூரிய மின்சாரத்தையும் அதில் சேர்த்திருந்தன. தமிழ்நாட்டு விதிகளிலும் சூரிய ஆற்றலுக்கான ஏற்பாடு இடம்பெற்றது. மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கிய 2003-ஆம் ஆண்டு அனுபவம் இதற்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது எனலாம். ஒரு பொதுநன்மையைக் கட்டட அனுமதியோடு இணைத்தால் அது வீட்டுக்கு வீடு சென்று சேரும் என்பதை அது காட்டியிருந்தது.

ஆனால் மழைநீருக்கும் வெயிலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அடுத்த வீட்டுக்காரர் மாடி கட்டினாலும் நம் கூரையில் மழை பெய்யும். வெயில் அப்படி அல்ல. தகடு வைக்கச் சொல்லும் விதி இருந்தால் மட்டும் போதாது, அத்தகட்டின் மேல் நிழல் விழாமல் காக்கும் விதியும் வேண்டும். அந்த இரண்டாவது பாதி இன்னும் எழுதப்படவில்லை.

கோயில் சூழலில் கூரைகள்

காஞ்சிபுரத்தில் சில தெருக்களுக்கு வேறொரு சட்டமும் பொருந்தும். பல்லவர் காலத்துக் கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்கள். 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபோது, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் உறுதி செய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட பகுதியில் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி பெற வேண்டும்.

இச்சட்டம் கட்டுமானம் என்பதை, மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ செய்யும் கூடுதல் அமைப்புகளையும் சேர்த்து வரையறுக்கிறது. சூரியத் தகட்டைப் பற்றி அதில் எதுவும் இல்லை. கூரையோடு படிந்த தகட்டையும், மாடியைப் புழங்குவதற்காக இரும்புக் கால்களின் மேல் ஆள் உயரத்துக்கு எழுப்பிய தகட்டையும் ஒன்றாகக் கருதுவதா, வேறாகக் கருதுவதா என்பது அதிகாரிகளின் விளக்கத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

உயரத்தைக் கோயிலோடு இணைக்கும் மாநில விதிக்கு எடுத்துக்காட்டு மதுரை. மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்டடங்கள் 9 மீட்டருக்கு மேல் எழக் கூடாது என்று 1997-இல் அரசு ஆணையிட்டது. கோபுரக் காட்சியைக் காக்க வந்த இத்தகைய வரம்பு, சுற்றியுள்ள கூரைகளின் வெயிலையும் தன்னையறியாமல் காக்கிறது. எல்லா வீடுகளும் ஒரே உயரத்தில் நின்றால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழ வாய்ப்புக் குறைவு. மரபுக் காப்புக்கும் சூரிய மின்சாரத்துக்கும் எப்போதும் பகை என்று கருத வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

பிற இடங்களின் அனுபவம்

இந்தியாவில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட மரபு நகரமான சண்டிகர் 2016-இல் 500 சதுர கெசமும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பு மனைகளுக்குக் கூரைச் சூரிய மின்சாரத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. மனையின் பரப்பை அளவுகோலாக வைத்ததால் கட்டாயம் வசதியுள்ளோர் மீதே விழுந்தது. சிறு மனைக்காரர்களின் வெயில் பற்றி அந்த விதியும் பேசவில்லை.

வெயிலையே உரிமையாகக் கருதிய சட்டங்கள் அமெரிக்காவில் எழுந்தன. நியூ மெக்சிகோ மாநிலம் 1977-இல், ஆற்றுநீரை முதலில் பயன்படுத்தியவருக்கு முன்னுரிமை என்ற அப்பகுதியின் பழைய நீர்ச் சட்டக் கருத்தை வெயிலுக்கும் பொருத்தியது. கலிபோர்னியா 1978-இல் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, சூரிய அமைப்புகளைத் தேவையின்றித் தடுக்கும் உள்ளூர் விதிகளையும் குடியிருப்புச் சங்க நிபந்தனைகளையும் கட்டுப்படுத்தியது. மற்றொன்று, தகடு நிறுவப்பட்ட பின் அண்டை மனையில் நட்ட மரம், காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை தகட்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிழலிடக் கூடாது என்றது. முன்பே இருந்த மரங்களை வெட்ட நேர்ந்த ஒரு வழக்குக்குப் பிறகு 2008-இல் அது திருத்தப்பட்டு, தகட்டுக்கு முந்தைய மரங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அண்டை வீட்டின் புதிய மாடிக்கு அச்சட்டமும் பொருந்தாது.

பயன் யாருக்கு

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், அடுத்த ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் அளிக்கிறது. அதே மாதம் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் 10 கிலோவாட் வரையிலான கூரை அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்றன. மின்மாற்றியைக் காட்டி வீடுகளை மறுக்கும் நிலை இதனால் தளர்ந்தது.

ஆனால் நெசவாளர் வீட்டின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளர்களுக்கு 2016-இல் 200 யூனிட்டாக இருந்த இலவச அளவு 2023-இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் வீதம் இரு மாதங்களில் ஏறத்தாழ 240 யூனிட் தரும். தறிக்குழியின் மேல் விளக்கு, மின்விசிறி, மோட்டார் பொருத்திய ராட்டை என 300 யூனிட்டுக்குள் முடியும் வீட்டுக்குத் தகட்டால் மிச்சமாகும் கட்டணம் எதுவும் இல்லை. குளிரூட்டிகளோடு அதிக மின்சாரம் செலவழிக்கும், மேலும் ஒரு மாடி எழுப்ப வசதியுள்ள வீட்டுக்கே மானியத்தின் பயன் மிகுதியாகப் போய்ச் சேர்கிறது. அதே வீட்டின் நிழல் பக்கத்துச் சிறு வீட்டின் மேல் விழுகிறது. பிற்காலத்தில் அச்சிறு வீடு தன் கூரையைப் பயன்படுத்த நினைக்கும்போது வெயில் அங்கே இல்லாமல் போகலாம்.

இன்றைய நிலை

காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சியானது. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டப் பகுதிகளும் அதில் சேர்க்கப்பட்டன. நகரை ஒட்டிய ஊராட்சிகளில் மனைப் பிரிவுகளும் மாடிகளும் பெருகும் காலம் இது. தனி மனைகளாக இருந்த இடங்களில் பசுமை வீடுகளைச் சிக்கலின்றி நிறுவ முடிந்தது போல இனி முடியும் என்று கொள்ள முடியாது.

இருக்கும் சட்டத்திலேயே ஒரு சிறு வழி உண்டு. இருபது ஆண்டு அனுபவத்தால் கிடைக்காத வெளிச்ச உரிமையை, அண்டை வீட்டார் இருவர் சம்மதித்து எழுத்து மூலம் உருவாக்கிப் பதிவு செய்துகொள்ளலாம். உடன்பாடு இல்லாத இடத்தில் அது உதவாது. தொடர் கட்டடப் பகுதிகளில் உயர வரம்பைத் தெருவுக்குத் தெரு ஒரே சீராக வைப்பது, மாடி அனுமதி வழங்கும்போது அண்டைக் கூரையின் நிழலைக் கணக்கில் கொள்வது ஆகியவை உள்ளாட்சி, நகரமைப்பு அதிகாரங்களுக்குள் அடங்கக்கூடியவை. 1882-இல் சட்டம் சன்னலுக்கு வரும் வெளிச்சத்துக்கு மதிப்பளித்தது. 2019-இல் விதிகள் கூரையை மின் உற்பத்தி இடமாக ஏற்றன. கூரைக்கு வரும் வெயிலைக் காக்கும் விதி இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டிருக்கிறது. ஒட்டுவீடுகள் நிறைந்த காஞ்சிபுரத்தில் அந்த விடுபடலின் இழப்பு முதலில் தாழ்ந்த கூரைகளின் மேல்தான் விழும்.